அமலா அக்காவின் எழுத்து என் பெயரில் இருக்கிறது

அமலா அக்காவைப் பற்றி எழுத என்னைவிட உரிமையுள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் நான் வாய் திறந்ததே இல்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், நீயும் ஏதாவது சொல் என்று நாங்கள் வேலை பார்த்த கடையின் சேகர் அண்ணன் கேட்டபோது முடியாது என்றுதான் சொன்னேன். "பேச வேணாம்மா, எழுதிக் குடு" என்றார். ஒரு பக்கம் கேட்டார். அதைத் தாண்டிவிட்டது. எழுதத் துணிந்ததற்கும் நீளத்துக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்தபோது கடலூரில் என் அலுவலகத்தில் உட்கார்ந்து, வந்த தபால்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். "செல்வி, அமலா போயிடுச்சும்மா" என்றார் சேகர் அண்ணன். காலையில் வழக்கம்போல் கடைக்கு வந்து, பையை ஆணியில் மாட்டி, கணினியைப் போட்டுவிட்டுத் தலைவலி என்று மேசையில் சாய்ந்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தம் கசிந்துவிட்டதாம். வயது நாற்பத்தாறு. நான் "சரிங்கண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டு மறுபடியும் எண் போட ஆரம்பித்தேன். மூன்று கடிதங்களுக்கு ஒரே எண்ணைப் போட்டிருந்தேன் என்பதை மறுநாள்தான் பார்த்தார்கள்.

அவரை எனக்குத் தெரிய வந்தது 2004இல். குறிஞ்சிப்பாடியில் தறி நெய்யும் வீட்டிலிருந்து பட்டப்படிப்புக்கு அண்ணாமலை நகர் வந்திருந்தேன். விடுதிச் செலவுக்காக, மாணவர் லாட்ஜுகள் இருக்கும் தெருவில் சேகர் அண்ணன் வைத்திருந்த டி.டி.பி. கடையில் பிற்பகல் வேலைக்குச் சேர்ந்தேன். முன்பக்கம் நான்கு கணினிகளில் இன்டர்நெட் பார்க்கலாம். பின்பக்கம் ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்வோம், கல்யாணப் பத்திரிகை வடிவமைப்போம். பின்பக்கத்து ஜன்னல் ஓர நாற்காலி அமலா அக்காவுடையது. கடலூர் ஓ.டி.யிலிருந்து, அதாவது பழைய நகரத்திலிருந்து, தினமும் பஸ்ஸில் வந்து போவார்.

முதல் வாரம் முழுவதும் நான் யாரிடமும் பேசவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போய்விடுவேன். ஆறாம் நாள் அக்கா தன் டப்பாவோடு அங்கேயே வந்து, தலை இடிக்காமல் குனிந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இங்க பேசுறதுக்குச் சேகரு வாடகை கேக்க மாட்டான்டி. தாராளமா பேசு" என்றார். நான் சிரித்தேன். வறுத்த சுதும்பு மீன் ஒன்றை என் மூடியில் வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அவர் எனக்கு எதையும் கற்றுக் கொடுத்ததில்லை. பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். அப்போது எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அவருடைய பையில் ஒரு கிராப் நோட்டு எப்போதும் இருக்கும். பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் அதில் தமிழ் எழுத்துகளை வரைந்துகொண்டிருப்பார். கடையில் இருந்த எழுத்துருக்கள் அவருக்குப் பிடிக்காது. கூட்ட நெரிசலில் நிற்பது போல நிற்கின்றன என்பார். "எழுத்துக்கு மூச்சு விட எடம் வேணும் செல்வி. நம்ம மாதிரிதான் அதுவும்." ஒருமுறை அவரோடு கடலூருக்குப் பஸ்ஸில் போனேன். புதுச்சத்திரம் தாண்டி, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில் வெயில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அக்கா ஒரு 'ஞ' வரைந்துகொண்டிருந்தார். அதன் வளைவு நோட்டில் மெதுவாக இறங்கியது. ஜன்னலில் ஓடிய கழிமுகத் தண்ணீரும் அதே வேகத்தில் வளைந்துகொண்டு வந்தது. நான் விழித்திருந்தேனா, கண்ணயர்ந்திருந்தேனா என்று இன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தண்ணீரிலிருந்து எழுத்தும் எழுத்திலிருந்து தண்ணீரும் வருவது போல இருந்தது. ஆலப்பாக்கம் வளைவில் ஆடுகள் குறுக்கே வர, டிரைவர் பிரேக் போட்டார். பேனா ஒரு துள்ளு துள்ளி, 'ஞ'வின் இடுப்பில் சிறிய வெட்டு ஒன்று விழுந்தது.

அழித்துவிடுங்கள் என்றேன். வேண்டாம் என்றார். அந்த இடம் பஸ் நின்ற இடம், அது அங்கேயே இருக்கட்டும் என்றார்.

இரண்டு வருடங்களில் எழுத்துகள் முழுமையாகிவிட்டன. நோட்டுப் பக்கங்களை ஸ்கேன் செய்து, எழுத்துரு செய்யும் மென்பொருளில் ஒவ்வொன்றாகக் கோடு பிடித்தார். சாப்பாட்டு இடைவேளையிலும், ஆய்வேடுகள் வராத மே மாதத்துப் பிற்பகல்களிலும்தான் அந்த வேலை நடந்தது. சேகர் அண்ணன் கல்யாணப் பத்திரிகைகளில் அந்த எழுத்தைப் போட ஆரம்பித்தார். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்த மலரும் அந்த எழுத்தில்தான் அச்சாகியிருக்கிறது.

இனி எழுதப் போவது எனக்குக் கஷ்டமானது.

2006இல், தமிழ் எழுத்துருக்களைச் சேர்த்து வைக்கும் ஓர் இணையதளத்தைப் பற்றி ஆராய்ச்சி மாணவர் ஒருவர் சொன்னார். அங்கே ஏற்றினால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்த எழுத்தில் எழுதலாமாம். அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. அவருக்கு மின்னஞ்சல் கிடையாது. கடையில் என்னைத் தவிர யாருக்குமே கிடையாது. மாணவர்கள் ஆய்வேட்டை அனுப்புவதும், திருத்தம் வருவதும், சேகர் அண்ணனுக்குத் தாள் கடையின் விலைப்பட்டியல் வருவதும் எல்லாமே என் கணக்கில்தான். கடைக்கு ஒரே சாவி போல ஒரே மின்னஞ்சல், அது என் பெயரில். அதை யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை.

அந்தத் தளத்திலும் என் பெயரிலேயே பதிவு செய்தோம். எழுத்துருவின் பெயர் கேட்டது. அக்கா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "உப்பனாறுன்னு போடு" என்றார். அவர் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆறு. பிறகு ஒரு பெட்டி திறந்தது. அதற்குள் இங்கிலீஷில் பக்கம் பக்கமாக ஏதோ இருந்தது. கீழே ஒரு பட்டன், 'ஐ அக்ரீ' என்று.

"இன்னாடி கேக்குது?" என்றார் அக்கா.

நான் முதல் நான்கு வரிகளைப் படித்தேன். புரியவில்லை. அந்தக் கடையில் பட்டம் வாங்கப் போகிற ஒரே ஆள் நான். எல்லோரும் இங்கிலீஷுக்கு என்னிடம்தான் வருவார்கள். புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"ஒண்ணுமில்லக்கா. வழக்கமா கேக்குறதுதான்" என்றேன். அமுக்கிவிட்டேன்.

அந்த நான்கு வரிகளுக்குக் கீழே இருந்ததைப் பிறகு ஒரு வக்கீல் படித்துச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஏற்றுபவரே எழுத்தை உருவாக்கியவர். அதன் எல்லா உரிமைகளையும் தளத்தாருக்குக் கொடுக்கிறார். அவர்கள் அதை விற்கலாம், பெயரை மாற்றலாம். வழக்கு என்றால் அவர்கள் ஊர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும்.

மூன்று வருடம் ஒன்றும் நடக்கவில்லை. பட்டம் முடித்து நான் கடையிலேயே முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 2009இல் ஒரு நாள் காலை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கும்போது ஒரு பஸ்ஸின் முதுகில் நகைக்கடை விளம்பரம் ஒன்றை அக்கா பார்த்திருக்கிறார். கடைக்கு வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நல்லவேளையாக அந்தப் பஸ் இன்னும் புறப்படவில்லை. விளம்பரத்தின் 'ஞ'வில் விரலை வைத்துக் காட்டினார். இடுப்பில் சிறிய வெட்டு. ஓர் அடி உயரத்துக்குப் பெரிதாகி இருந்தது. "ஆலப்பாக்கம் ஆட்டுக்குட்டி இங்க வந்து நிக்குது பாரு" என்று சிரித்தார். கண்டக்டர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அக்காவுக்கு அப்போது கோபமே இல்லை. பிள்ளையை எதிர்பாராத ஊரில் பார்த்துவிட்டவர் போலத்தான் இருந்தார்.

கோபம் பிற்பகலில் வந்தது. சேகர் அண்ணன் தேடிப் பார்த்தபோது, அதே தளத்தார் அந்த எழுத்தை வேறொரு பெயரில் குறுந்தகட்டில் போட்டு விற்பது தெரிந்தது. உப்பனாறு என்ற பெயர் எங்கேயும் இல்லை. வடிவமைப்பு தங்கள் குழுவுடையது என்று உறையில் போட்டிருந்தார்கள்.

அக்கா கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் வந்தது. அந்த எழுத்துருவை ஏற்றியவர் வேறொருவர், அவர் எல்லா நிபந்தனைகளையும் ஏற்றுக்கொண்டுவிட்டார், அமலோற்பவம் என்று யாரையும் எங்களுக்குத் தெரியாது என்று. அக்காவின் முழுப் பெயர் அதுதான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் வக்கீலம்மாவின் அறைக்கு அக்காவோடு நானும் போனேன். உள்ளே வரச் சொல்லியும் போகாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அரைக்கதவுக்கு அந்தப் பக்கம் பேசுவது எல்லாம் கேட்டது. வழக்கை அவர்கள் ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, படைத்தவர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடச் சட்டம் இடம் கொடுக்கிறது என்றார் வக்கீலம்மா. உரிமையையே எழுதிக் கொடுத்திருந்தாலும், 'இது நான் செய்தது' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை செய்தவரை விட்டுப் போகாது என்றும் சொன்னார். ஆனால் செய்தவர் அக்காதான் என்று முதலில் காட்ட வேண்டும். நோட்டில் இருப்பது பிறகு பார்த்து வரைந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். கல்யாணப் பத்திரிகைகள் அந்தக் கடையில் அந்த எழுத்து இருந்தது என்று மட்டும்தான் காட்டும். ஏற்றியது யார் என்பதுதான் எல்லாவற்றுக்கும் முடிச்சு.

"அந்தப் பொண்ணு வந்து, 'கணக்கு என்னோடது, எழுத்து அவுங்களோடது, படிக்காமலே நான்தான் பட்டன அமுக்கினேன்'னு சொன்னா போதும். அது யாரு?" என்றார் வக்கீலம்மா.

அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் புள்ளைக்கு இப்பதான் கவர்மெண்ட் வேலை வந்திருக்கு. போலீஸ் விசாரிப்பு முடியல. வேற வழியில ஓட்டுங்கம்மா."

"சாட்சி சொல்றவங்களுக்கு வேலை போவாதும்மா. அவங்க மேல கேஸு இல்லியே."

"அது உங்களுக்குத் தெரியும். அவுங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

அக்கா சொன்னது நிஜம். சில வாரங்களுக்குமுன் விசாரணைக்காகக் குறிஞ்சிப்பாடி வீட்டுக்கு ஒரு ஏட்டு வந்தபோது, அப்பா தறியிலிருந்து இறங்கி, அவர் போகும்வரை கைகூப்பியபடியே நின்றிருந்தார். எங்கள் வீட்டில் கோர்ட் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். இதை நான் சிரித்துக்கொண்டே அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக நான்கு அடி போதும். போகவில்லை. அக்கா வெளியே வந்ததும் பெஞ்சில் கிடந்த என் குடையை எடுத்துக் கொடுத்தார். சர்பத் குடித்துவிட்டுப் பஸ் ஏறினோம். வழக்கு அக்காவின் பெயரில் மட்டும், என் பெயர் எங்கும் இல்லாமல், தாக்கலானது.

வேலையில் சேர்ந்த பிறகு ஒரு வேண்டுதலுக்காகத் திருவந்திபுரம் போனேன். அக்காவும் கூட வந்தார். "ஒங்க சாமி என்னைத் தொரத்தவா போவுது" என்று சொல்லிக்கொண்டே மலைப்படி வரை ஏறினார். இறங்கியபின் கெடிலத்தின் ஓரம் உட்கார்ந்தோம். ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். பிற்பகல் வெயில் மங்கலாகி, எதிர்க்கரையும் நாணலும் ஈரத்துணிக்குப் பின்னால் இருப்பது போலத் தெரிந்தன. அக்கா தண்ணீரில் கையை விட்டு விரலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எழுதியது உடனே நீரோடு போயிற்று. மறுபடி எழுதினார். எத்தனை நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. சாட்சி சொல்ல வருகிறேன் என்று சொல்லிவிட நூறு தடவை வாயெடுத்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"நீ பயப்படுறது தெரியும்டி. பயம் போனதுக்கப்புறம் வா. கேஸு எங்க போயிடப் போவுது."

அப்போது எனக்கு வந்தது நிம்மதி. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

போலீஸ் விசாரணை முடிந்தது. பிறகு, தகுதிகாண் பருவம் முடியட்டும் என்று இருந்தேன். அதுவும் முடிந்தது. பிறகு வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். அது முடியட்டும் என்று இருந்தேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்கா ஓ.டி.யிலிருந்து தனியாக மஞ்சக்குப்பம் போனார். முடிந்ததும் என் அலுவலகத்துக்கு வந்து, வாசலில் நின்றபடியே என்ன நடந்தது என்று சொல்வார். பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது. ஒருமுறை நீதிபதி வரவில்லை, ஒருமுறை எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. ஒருமுறை கோர்ட் வராந்தாவில் தூங்கிவிட்டதாகவும், கனவில் அந்தக் கட்டடத்துச் சுவரெல்லாம் தன் எழுத்தில் அறிவிப்புகள் ஒட்டியிருந்ததாகவும் சொன்னார். "எல்லாத்துலயும் கீழ என் பேரு போட்டிருந்துச்சி. படிக்கிறதுக்குள்ள டவாலி எழுப்பிட்டான்."

இந்தக் கோடையில் அந்த நிறுவனத்தார் சமரசத்துக்கு வந்தார்கள். ஒரு தொகை தருகிறோம், அந்த எழுத்துரு தன்னுடையது என்று அக்கா இனி எங்கும் சொல்லக்கூடாது என்றார்கள். அக்கா மறுத்துவிட்டார். பணம் வேண்டாம், உறையின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு வரி பெயர் போட்டால் போதும் என்றார். அதை அவர்கள் மறுத்துவிட்டார்கள். பணம் தருபவர்களுக்குப் பெயர் தர ஏன் இவ்வளவு கஷ்டம் என்று என்னிடம் கேட்டார்.

அடக்கத்தன்று ஓ.டி.யில் மாதா கோயில் வாசலில் நின்றிருந்தேன். அக்காவின் கணவர் சூசை மாமா என்னைப் பார்த்ததும், "வா செல்வி, ஒன்னப் பத்திதான் சொல்லிக்கிட்டே இருப்பா" என்றார். படகு எஞ்சின் பார்க்கும் அந்தக் கைகள் வேலையில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன. யாரோ வழக்கைப் பற்றிக் கேட்டார்கள். முப்பதாம் நாள் முடிந்ததும் சமரசத்தில் கையெழுத்துப் போட்டுவிடப் போவதாகச் சொன்னார். "அவளே போயிட்டா. எழுத்த வச்சிக்கிட்டு நான் இன்னா பண்ணப் போறேன்." பட்டனை அமுக்கியது நான்தான் என்று அன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் நானே வக்கீலம்மாவைப் பார்க்கப் போனேன். இந்த முறை பெஞ்சில் உட்காரவில்லை. நான்தான் அந்தப் பெண் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. இரண்டு விஷயங்கள் சொன்னார். தொண்ணூறு நாளுக்குள் வாரிசு மனுப் போட்டால் வழக்கை மாமா தொடர்ந்து நடத்தலாம். இறந்தவருக்காக 'இது இவர் செய்தது' என்று கேட்கும் உரிமை வாரிசுக்கு இதுவரை இருந்ததில்லை. இந்த ஆண்டு சட்டத்தைத் திருத்தி அதைக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வழக்கில் அது பொருந்தும் என்று வாதாடலாம், உறுதி சொல்ல முடியாது, ஆனால் வாதாடலாம் என்றார்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அந்தப் பழைய மின்னஞ்சல் கணக்கு. பல மாதங்கள் திறக்காமல் விட்டால் மூடிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு, மாதம் ஒருமுறை உள்ளே போய் வந்துகொண்டிருக்கிறேன். சாட்சி சொல்லத் துணிவில்லாதவள் இதை மட்டும் மூன்று வருடமாகத் தவறாமல் செய்திருக்கிறேன். எழுத்துரு வந்து சேர்ந்ததாகத் தளத்தார் அனுப்பிய முதல் கடிதம் அதில் இருக்கிறது, தேதியோடு. அதற்கு அடியில், ஏற்றுவதற்கு முந்தின வாரம் அக்கா ஸ்கேன் செய்த நோட்டுப் பக்கங்களை, கணினி கெட்டுவிட்டால் என்ன செய்வது என்று நான் எனக்கே அனுப்பி வைத்த கடிதமும் இருக்கிறது. பக்க ஓரங்களில் அக்காவின் கையெழுத்தில் பஸ் டிக்கெட் கணக்கும், வாங்க வேண்டிய மளிகையும். பட்டனை அமுக்கியது யார் என்று அந்தக் கடிதங்கள் சொல்லாது. அதை நான்தான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

சூசை மாமா, இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முயன்றேன், வரவில்லை. அதனால்தான் ஊரே படிக்கும் இடத்தில் எழுதுகிறேன், பின்வாங்க முடியாதபடி. படிக்காமலே, ஒன்றுமில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அந்தப் பட்டனை அமுக்கியது நான். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். கைகூப்பவில்லை, எந்தத் தேதி என்றுதான் கேட்டார். சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாரிசு மனுவைப் போடுங்கள், சாட்சிப் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். வாய்தா தேதி தெரிந்ததும் எனக்கு ஒரு போன் செய்யுங்கள், அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.